சும்மா இருந்த நேரம்

சரவணம்பட்டியில், ஆறாவது மாடியில்,
கண்ணாடிக்கு அப்பால் மலை தெரியும் மேசையில்தான்
அந்த வரியை எழுதினேன்:
ஊசி தொண்ணூறு விநாடி அசையாவிட்டால்
கட்டம் சிவக்க வேண்டும்.

தொண்ணூறு நான் வைத்த எண் அல்ல.
கூட்டத்தில் நூற்றெண்பது என்றேன்.
யார் காதிலும் விழவில்லை.
அரைமணி கழித்துப் பிரதீஷ் நூற்றெண்பது என்றான்.
நல்ல பாயிண்ட் என்று குறித்துக்கொண்டார்கள்.
கடைசியில் தொண்ணூறே நின்றது,
அவனுக்கும்.

திரைக்குத் தமிழில் பெயர் வேண்டுமென்றபோது மட்டும்
எல்லாக் கழுத்தும் என் பக்கம் திரும்பியது.
இன்றைய இலக்கு. முடிந்த பீஸ். திரும்பிய பீஸ்.
ஐடில் டைமுக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.
'சும்மா இருந்த நேரம்' என்று தட்டிவிட்டுக்
காப்பிக்குப் போனேன்.

பெருமாநல்லூர்த் தாண்டி பனியன் கம்பெனி.
நாலாவது லைன்.
தலைமுடி, புருவம், டியூப்லைட், எல்லாவற்றிலும் பஞ்சு.
மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து
சென்சார் முடுக்கிக்கொண்டிருந்தேன்.
சூப்பர்வைசர் குனிந்து கேட்டார்:
"சாப்ட்வேர் சார் எப்ப வருவாருங்க?"
"வந்தாச்சுங்க" என்றேன்,
ஸ்க்ரூ ஒன்றைப் பல்லில் கடித்தபடி.

துளசிமணிக்குச் சிங்கர் மிஷின்.
ஒண்ணரை ஷிப்டு முடிக்கிற கண்.
திரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்,
"சும்மா... இருந்த... நேரம்."
பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங் மேடம், நூல் அந்து கோக்கறதும் இதுலயே வருமுங்களா?"
வருமுங்க.
"பாபின் மாத்தறது?"
வருமுங்க.
"ஒண்ணுக்குப் போனா?"

நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எழுதுன ஆளு ஒரு பொழுதும்
மிஷின்ல உக்காந்ததில்லீங்க" என்றாள்.
கோபமெல்லாம் இல்லை.
காலருக்குக் கீழ் நூலைக் கத்தரித்தாள்,
அடுத்த பீஸை இழுத்தாள்.

ஆறாவது மாடியில் ஓர் அறை உண்டு,
பழைய மானிட்டர்கள் அடுக்கிய அறை.
தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்து
மகனுக்குப் பால் எடுப்பேன், இருபது நிமிடம்.
அந்த நேரம் என் பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி
மஞ்சளாகிவிடும்.
திரும்பி வந்தால் செய்தி காத்திருக்கும்:
ஆளைக் காணோமே?
நூற்றிருபது மில்லியைப் பையில் வைத்துக்கொண்டு
மன்னிக்கவும் என்று அடிப்பேன்.
எதற்கு மன்னிப்பு என்று
அந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துதான் யோசித்தேன்.

மடிக்கணினியைத் திறந்தேன்.
நூல் கோத்த நேரம்.
பாபின் மாற்றிய நேரம்.
மிஷின் ரிப்பேர், மெக்கானிக் வராத நேரம்.
மிச்சத்துக்கு என்ன பெயர் என்று துளசிமணியிடமே கேட்டேன்.
"அதுக்கெதுக்குங்க பேரு?
உட்ருங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வெற்றாக விட்டேன்.
தொண்ணூறை நூற்றெண்பதாக்கினேன்.
மாற்றியவர் என்ற இடத்தில்
வெளிநாட்டுக் கிளையண்ட் கூப்பிடும் ஓரெழுத்தை அழித்து
அவிநாசியில் எனக்கு வைத்த பெயரை முழுதாக இட்டேன்:
கருணாம்பிகை.

கிளம்பும்போது கேட்டாள்:
"உங்க வேல பீஸ் கணக்குங்களா, மாசக் கணக்குங்களா?"
மாசக் கணக்குங்க.
"அப்பச் சரி. பொண்ணு கம்ப்யூட்டருதான் படிக்கறா,
ரெண்டாவது வருசம்."
அதற்குள் அவள் கட்டம் சிவந்துவிட்டது.
என்னோடு பேசிய நேரம்.

அவிநாசி தாண்டும்போது போன் அதிர்ந்தது.
ஒப்புதல் தர வேண்டிய பிரதீஷ்:
ஒரு கட்டத்துக்குப் பெயரே இல்லையே, விட்டுப்போச்சா?

பஸ் கருமத்தம்பட்டி வளைவில் குலுங்கியது.
ஒற்றைக் கையால் அடித்தேன்:
விட்டுப்போகலை. விட்டிருக்கிறேன்.

அவன் இன்னும் பார்க்கவில்லை.
புள்ளி மஞ்சளாக இருக்கிறது.